எட்டாவது எபிசோடு

என் பெண்ணின் மாமியார் நல்லவள். பெண்ணைப் பெற்றவளுக்கு இதைவிடப் பெரிய தொல்லை கிடையாது. கெட்டவளாக இருந்திருந்தால் என் பாடு சுலபமாக இருந்திருக்கும். சாயங்காலம் மாடவீதியில் காய்கறி வாங்கப் போனால், எதிர்ப்படுகிற ஒவ்வொருத்தியிடமும் சம்பந்தியம்மாளைப் பற்றிச் சொல்ல ஒரு மூட்டை இருக்கிறது. பால் பாக்கெட்டை எண்ணி வைக்கிறாள், பெண்ணை வேலையை விடச் சொல்கிறாள், பிள்ளையின் காதில் ஓதுகிறாள். நான் மட்டும் கையில் கத்தரிக்காயோடு நின்று கேட்டுவிட்டு, “எங்க சம்பந்திக்கென்ன, தங்கமானவா” என்று சொல்லிவிட்டு நகர வேண்டியிருக்கிறது.

நேரில் அவளை நான் ‘நீங்கள்’ என்றுதான் பேசுவேன். மனசுக்குள் ‘அவள்’தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

நான் முப்பது வருஷம் ஒரு கல்லூரி நூலகத்தில் இருந்தவள். எந்தப் பெண்ணுக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று அவள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுவேன். அந்த கர்வம் எனக்கு உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். ரிடையர் ஆன கையோடு ஊரடங்கு வந்தது. புத்தகம் கேட்க யாருமில்லை. வீட்டில் பெரிய டிவியும், வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் பெண்ணும்தான் இருந்தார்கள். அவளுக்குப் படம் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

அது எங்கள் இரண்டு பேருக்குமான வழக்கமாகவே ஆகிவிட்டது. மத்தியானம் அவள் மீட்டிங்கில் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது நான் தேடுவேன். எதையும் முதல் இருபது நிமிஷம் நான் தனியாகப் பார்ப்பேன், அது தேற வேண்டும். தேறியது சாயங்காலம் காபியோடு வரும். ட்ரெய்லர் பார்க்கக் கூடாது, கதை கேட்கக் கூடாது, நடுவில் போன் கூடாது. என் கணவரும் வந்து உட்காருவார். அவர் எந்தப் படமானாலும் பெயர் போட்டு முடிப்பதற்குள் தூங்கிவிடுவார் என்பதால் அவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஊரடங்கு முடிந்து அவள் ஆபீஸ் போக ஆரம்பித்த பிறகும் நாலு மணிக்கு போன் வரும். “அம்மா, இன்னிக்கு என்ன?” அவ்வளவுதான் கேட்பாள். நான் பெயரைச் சொல்ல மாட்டேன். “ஆத்துக்கு வா, சொல்றேன்” என்பேன். அவளுடைய ஆபீஸில் எல்லோரும் “உங்க அம்மா இந்த வாரம் என்ன சொன்னாங்க?” என்று கேட்கிறார்கள் என்று ஒரு தடவை சொன்னாள். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அவளுக்குப் பிடித்த வெந்தயக் குழம்பு செய்தேன்.

பிறகு கல்யாணம். ஆபீஸில் கூட வேலை பார்த்த பையன். தி.நகரில் துணிக்கடைக் குடும்பம். அவனுடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆரம்பித்த கடை. இரண்டு வீட்டிலும் ஆளுக்கு ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டோம், பிறகு சமாதானமானோம். என் பெண் அந்த வீட்டில் எப்படி ஒட்டுவாள் என்பதுதான் என் கவலையாக இருந்தது. ஒட்டாமல் போய்விடுவாளோ என்று பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டேன். கொஞ்சம் அளவோடு வேண்டிக்கொண்டிருக்கலாம்.

சம்பந்தி காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் கடையில் நூல் சேலைப் பகுதியில் உட்காருவாள். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் அவள் பார்க்காத நாட்டுப் படம் இல்லை. கடையில் கூட்டமில்லாத நேரத்தில் போனைச் சேலைக் கட்டில் சாய்த்து வைத்து, கொரியா, துருக்கி, ஸ்பெயின் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். தமிழில் குரல் கொடுத்திருந்தால் கேட்பாள், இல்லாவிட்டாலும் விடமாட்டாள். “எழுத்தைப் படிக்காமல் எப்படிப் புரிகிறது?” என்று ஒருமுறை கேட்டேன். கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன்.

“மூஞ்சியப் பாத்தா தெரியாதா மதினி?” என்றாள். “கடைக்கு வாரவங்களப் பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சிரும், இவங்க எடுக்க வந்தவங்களா, சும்மா பிரிச்சுப் பாக்க வந்தவங்களான்னு. அது மாதிரிதான் இதுவும்.”

அவர்கள் பக்கத்தில் சம்பந்திப் பெண்மணியை ‘மதினி’ என்றுதான் கூப்பிடுவார்களாம். எனக்கு அது பழகவே ஆறு மாதம் ஆனது.

முதல் அடி எப்போது விழுந்தது என்று எனக்குத் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. கல்யாணமாகி நாலாவது மாதம். நான் ஒரு வாரம் தேடி, முழுசாக இரண்டு தடவை பார்த்து, இது அவளுக்காகவே எடுத்த படம் என்று முடிவு செய்து, நாலு மணிக்கு நானே போன் பண்ணினேன். அந்த நாலு மணி போன் அதற்குள் வாரத்துக்கு ஒன்றாகச் சுருங்கியிருந்தது. படத்தின் பெயரைச் சொன்னேன்.

“அதுவா? அத்தை போன வாரமே சொன்னாம்மா. பாத்துட்டோம். சூப்பர் படம் இல்ல?”

‘பாத்துட்டோம்’ என்றாள். அந்த ஓம்-இல் நான் இல்லை. “ஆமா, நன்னா இருக்கும்னு நினைச்சேன்” என்று சொல்லிவிட்டு அடுப்பில் ஏதோ இருப்பதாகப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றுமில்லை.

விஷயம் அதோடு நிற்கவில்லை. கல்யாண ஏற்பாட்டுக்காக ஒரு வாட்ஸாப் குழு ஆரம்பித்திருந்தார்கள். பூ, வேன், பந்திக்கு எத்தனை பேர் என்று ஓடிக்கொண்டிருந்த குழு, கல்யாணம் முடிந்து ஓய்ந்திருக்க வேண்டியது. யாரோ ஒரு நாள் ‘லீவுக்கு நல்ல படம் ஏதாவது சொல்லுங்களேன்’ என்று கேட்டுவைக்க, பிடித்துக்கொண்டது. நான் முறையாக எழுதிப் போடுவேன். கதைக்களம், இயக்கம், ஒளிப்பதிவு குறிப்பிடத்தக்கது, இரண்டாம் பாதிக்குச் சற்றுப் பொறுமை தேவை. ஆறு வரிக்கு மிகாது. நாலு கட்டைவிரல் வரும். அதில் ஒன்று என் கணவருடையது, அதுவும் நான் சொல்லிப் போட்டது.

சம்பந்தி எழுத மாட்டாள். பேசி அனுப்புவாள். அடையாறில் இருக்கும் என் தங்கைகூட அந்தக் குரலுக்குக் காத்திருக்க ஆரம்பித்தாள். ஒன்று எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. “எல்லாருக்கும் வணக்கம். ஒரு படம் பாத்தேன். பேரு வாயில நுழையல, போட்டோ எடுத்துப் போட்டிருக்கேன். ஒரு பொம்பள, ஒரு நாய், ஒரு வீடு. அம்புட்டுத்தான் கதை. பாருங்க. பாத்துட்டு எனக்கு ஒரு போன் போடுங்க, தனியா உக்காந்து அழ முடியல.” அன்று சாயங்காலமே குழுவில் பதினோரு பேர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். என் கணவரும் பார்த்தார். கடைசிவரைக்கும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு பார்த்தார். நாய் ரயிலடியில் நிற்கும் இடத்தில் மூக்கைச் சிந்தினார். முப்பத்தைந்து வருஷத்தில் நான் காட்டிய ஒரு படத்துக்கும் அவர் இப்படி விழித்திருந்ததில்லை. “பரவாயில்லையே, உங்களுக்குக் கண் திறந்திருக்கே” என்றேன். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. என்னிடம் படிப்பு இருந்தது, ரசனை இருந்தது, நேரம் இருந்தது, பெண்ணைப் பெற்ற உரிமையும் இருந்தது. அவளிடம் ஒரு நாயும் ஒரு வீடும்தான் இருந்தன. அதை வைத்துக்கொண்டு என் வீட்டு ஜனங்களை ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த நிலைமையில்தான் மாப்பிள்ளை ஒரு உபகாரம் செய்தார். எல்லோருக்கும் தனித்தனியாக எதற்கு என்று தன்னுடைய ஓடிடி கணக்கிலேயே எங்கள் வீட்டு டிவியையும் சேர்த்துவிட்டார். திறந்தால் யார் பார்க்கிறது என்று கேட்டு நாலு பொம்மைப் படம் வரும். ஒன்று என் பெண்ணும் மாப்பிள்ளையும் வைத்திருப்பது. ஒன்று என் கணவருடையது, அதில் யாரும் எதையும் பார்த்ததில்லை. ஆந்தைப் படம் போட்டு ‘அம்மா’ என்று இருப்பது நான். முயல் படம் போட்டு ‘அத்தை’ என்று இருப்பது அவள். எனக்கு ஏன் ஆந்தை என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாள் ரிமோட் கொஞ்சம் நகர்ந்து முயலுக்குள் போய்விட்டேன். முதல் தடவை நிஜமாகவே தவறித்தான். உள்ளே ‘தொடர்ந்து பார்க்க’ என்று ஒரு வரிசை. எதை ஆரம்பித்திருக்கிறாள், எதைப் பாதியில் விட்டிருக்கிறாள், அடுத்து பார்க்க எதைச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று எல்லாம் தெரிந்தது. அடுத்தவர் பீரோவைத் திறந்த மாதிரி இருந்தது. உடனே மூடிவிட்டேன். மறுநாள் மறுபடி திறந்தேன்.

அதன் பிறகு தினம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவது என்றாகிவிட்டது. ஒரு தடவை, அவள் பார்த்து முடித்திருந்த படத்தை, அவள் பேசி அனுப்புவதற்கு முன்னால் நான் குழுவில் எழுதிப் போட்டேன். அவள் அரை மணியில் குரல் அனுப்பினாள். “மதினி சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் நேத்துத்தான் பாத்தேன், அருமையான படம். எல்லாரும் பாருங்க.” நான் திருடியதுகூட அவளுடைய பெருந்தன்மைக் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் அந்தத் தொடர் வந்தது. ஏதோ ஒரு குளிர் தேசத்துத் தீவு. படகோட்டி ஒருவன் காணாமல் போகிறான். போலீஸ் வருகிறது, ஊரில் ஒவ்வொருவர் மேலும் சந்தேகம். மொத்தம் எட்டு எபிசோடு. என் பெண்ணும் அவளும் அதை ஒரு விரதம் மாதிரி பார்த்தார்கள். செவ்வாய், வியாழன், சனி. இவள் ஆறு மணிக்கு ஆபீஸிலிருந்து வந்ததும், ஆண்கள் வீடு திரும்புவதற்குள், ஒரே ஒரு எபிசோடு. ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி பார்க்கக் கூடாது என்று கையடித்துச் சத்தியம். இதையெல்லாம் என் பெண்ணே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். ட்ரெய்லர் பார்ப்பதில்லையாம், நடுவில் போன் எடுப்பதில்லையாம். அந்தச் சட்டமெல்லாம் யார் போட்டது என்று அவளுக்கு ஞாபகமே இல்லை.

நானும் பார்த்தேன். என்னுடைய ஆந்தையில், தனியாக, ஏழு எபிசோடு வரைக்கும் பார்த்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம், அவர்கள் எதுவரைக்கும் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க முயலுக்குள் போனேன். ஏழு முடிந்திருந்தது. எட்டாவது காத்திருந்தது. விரல் அழுத்திவிட்டது. விரல் தவறிவிட்டது என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பத்தாவது நிமிஷத்தில் தண்ணீர் குடிக்க நிறுத்தினேன். அப்போது மூலையில் அந்த முயல் தெரிந்தது. யாருடைய இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து மீதியையும் அங்கேயே பார்த்தேன். எவ்வளவு பார்த்தாயிற்று என்று காட்டும் சிவப்புக் கோடு கடைசிவரைக்கும் போயிற்று. ‘மறுபடி பார்க்க’ என்று வந்தது. டிவியை அணைத்துவிட்டுக் காபிக்கு டிகாக்‌ஷன் போடப் போனேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் பெண்ணிடமிருந்து போன். அழுகிற மாதிரி குரல்.

“அம்மா, அத்தை என்னை விட்டுட்டு கடைசி எபிசோடைத் தனியா பாத்துட்டாம்மா.”

நான் சோபாவில் உட்கார்ந்தேன்.

“பாத்தது பரவாயில்லை. போட்ட உடனே ‘மறுபடி பார்க்க’ன்னு வர்றது. கேட்டேன். முதல்ல ‘நான் பாக்கலையேம்மா’ன்னா. அப்புறம் கொஞ்ச நேரம் டிவியையே பாத்துண்டு உக்காந்திருந்தா. அப்புறம் ‘ஆமா, நாந்தான், மத்தியானம் கடையில பாத்துட்டேன், மனசு கேக்கல’ங்கறா. முதல்ல எதுக்கும்மா பொய் சொல்லணும்? எனக்கு அதுதான் தாங்கலை.”

அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன யோசித்தாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதே சமயம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. கல்யாணமான ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக என் பெண் தன் மாமியாரைப் பற்றி என்னிடம் குறை சொல்கிறாள். மற்றவர்களுடைய பெண்கள் தினம் சொல்வது எனக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது. ‘நான்தான்டி’ என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. “சரி விடு, பெரியவாளாச்சே, ஆசையில பாத்திருப்பா” என்று சொன்னேன். என் குரல் அவ்வளவு இதமாக இருந்ததை நானே கேட்டேன்.

“எனக்கு அந்தக் கடைசி எபிசோடே வேண்டாம். சனிக்கிழமை நான் அங்க வரேன். நீ ஏதாவது எடுத்து வை. உன்கூட பாக்கறேன்” என்றாள்.

நான்கு நாள் ஒரு வேலையும் ஓடவில்லை. பதினைந்து படம் ஆரம்பித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சனிக்கிழமை அடைக்கு அரைத்து வைத்தேன். வெல்லம், வெண்ணெய், அவியல் எல்லாம். மெட்ரோவுக்காக லஸ் முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கிற அந்தச் சாலையில் ஒரு மணி நேரம் திண்டாடிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பழைய இடத்திலேயே காலை மடக்கி உட்கார்ந்தாள். என் கணவர் பெயர் போடும்போதே தூங்கிவிட்டார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

படம் நன்றாகத்தான் இருந்தது. அரை மணியில் ஒருத்தி வந்து கதவைத் தட்டும் இடத்தில், “அத்தையா இருந்தா இப்பவே சொல்லியிருப்பா, இவ எதுக்கு வந்திருக்கான்னு” என்றாள். சிரித்தாள், பிறகு கோபம் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் போனை எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி எடுத்தாள். படம் முடிந்ததும் “நன்னா இருந்ததும்மா” என்றாள். எனக்கு எழுதிப் போடத் தெரிந்த மாதிரி, அவளுக்கும் ஒப்புக்கு அப்படிச் சொல்லத் தெரிந்துவிட்டது. கிளம்பும்போது மீதி அவியலை டப்பாவில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். “அத்தைக்கு ரொம்பப் பிடிக்கும்” என்றாள். என் கையாலேயே மூடி போட்டுக் கொடுத்தேன்.

புதன்கிழமை நான் தி.நகர் போனேன். ரவிக்கைக்குப் பொருத்தமாகத் துணி வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. அவள் ஒருவேளை கோபப்படுவாள், நாலு வார்த்தை கேட்பாள், கேட்டால் எனக்கும் ஒரு மூட்டை கிடைக்கும், மாடவீதியில் பிரித்து வைக்கலாம் என்று ஒரு அல்ப ஆசைகூட இருந்திருக்கலாம்.

“வாங்க மதினி, வாங்க” என்று எழுந்து வந்தாள். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டாள். காபி வரவழைத்தாள். நான் நீட்டிய புடவைத் தலைப்பைப் பார்த்து ஒரே பார்வையில் சரியான துணியை இழுத்துப் போட்டாள். வாடிக்கையாளர் ஒருத்தரை அனுப்பிவிட்டு, என் பக்கத்தில் முக்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“மதினி, எனக்கு ஒரு உதவி செய்யணும். அந்தக் கடைசி எபிசோடுல என்ன ஆச்சு? சொல்லுங்க.”

நான் காபியைக் கீழே வைத்தேன்.

“நான் பாத்தாச்சுன்னு மருமவகிட்ட சொல்லிட்டேன். இனி எடுத்துப் பாத்தா அந்தக் கோடு பாதியில வந்து நின்னு காட்டிக் குடுத்துரும். பிள்ள கோவம் தணிஞ்சு வந்து கதையப் பேச ஆரம்பிச்சா நான் என்ன சொல்ல? முழிப்பேன்லா?”

“நான்தான்னு உங்களுக்கு எப்படி...” என்றேன்.

“அதுல இருக்கது நாலு மூஞ்சி. எம்மவனுக்குப் படம் பாக்க நேரமில்ல. உங்க வீட்டு அண்ணாச்சி தூங்கிருவாக.” சிரித்தாள். “நீங்க ஏதோ தெரியாம அமுக்கிருப்பீங்க. அதுக்குப் போயி தாய்க்கும் மவளுக்கும் நடுவுல ஒரு பேச்சு வரணுமா? நான்னா ரெண்டு நாள்ல சரியாயிரும்.”

அவள் நடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முகத்தை நன்றாகப் பார்த்தேன். எனக்கு அந்தக் கலை தெரியாது என்றாலும், அதில் ஒன்றும் ஒளித்து வைத்திருக்கவில்லை என்று தெரிந்தது. தெரியாமல் அமுக்கினேன் என்று நிஜமாகவே நம்பினாளா, நம்புவதாக வைத்துக்கொண்டாளா என்று மட்டும் இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

கதையைச் சொன்னேன். நூல் சேலைப் பகுதியில், பக்கத்தில் யாரோ “இதே டிசைன்ல பச்சை இருக்கா?” என்று கேட்டுக்கொண்டிருக்க, குளிர் தேசத்துத் தீவைப் பற்றி இருபது நிமிஷம் சொன்னேன். படகோட்டியின் அக்காதான் என்று நான் சொல்வதற்குள், “அக்காக்காரிதானே?” என்றாள்.

“எப்படித் தெரிஞ்சது?”

“மூணாவதுல அவ அழுதா பாத்தீங்களா? கண்ணத் தொடச்சுட்டு அந்தக் கைக்குட்டைய ஓரம் சேத்து மடிக்கா. நெசமா அழுதவ மடிப்பாளா? கசக்கில்லா வச்சிருப்பா.”

நான் அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறேன். கைக்குட்டை என் கண்ணில் படவே இல்லை. கடைசிக் காட்சியில் தம்பியின் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டு அக்கா போலீஸோடு நடக்கிறாள் என்று சொன்னபோது அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முந்தானையைக் கசக்கித்தான் பிடித்திருந்தாள். “நல்லாச் சொல்லுதீங்க மதினி, பாத்த மாதிரியே இருக்கு” என்றாள். ரவிக்கைத் துணியோடு வீட்டுக்கு வந்தேன். என் பெண் ஏன் அங்கே ஒட்டிக்கொண்டாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது. விளங்கியதால் எரிச்சல் குறைந்தது என்று யாராவது நினைத்தால் தப்பு. அதிகமானது.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்குப் போன் வந்தது. என் பெண்ணின் குரலில் துள்ளல்.

“அம்மா, நேத்து சாயங்காலம் அத்தையும் நானும் அந்தக் கடைசி எபிசோடைப் பாத்துட்டோம். நான் தனியா பாக்க மாட்டேன்னு அடம் பிடிச்சேனா, ‘வா, உனக்காக இன்னொரு தரம் பாக்கேன்’னு வந்து உக்காந்தா. யார்னு தெரிஞ்சும் வாயே திறக்கலைம்மா. ஒரு இடத்துலகூட. கடைசியில அந்த பூட்ஸ் வச்சப்போ நான் அழுதேன், பாத்தா அவளும் அழறா. ரெண்டாவது தரம் பாக்கறவ அப்படி அழுவாளாம்மா? எனக்கு ஒரு மாதிரி ஆயிடுத்து. இவளைப் போய் பத்து நாள் பேசாம இருந்தேனேன்னு.”

நான் ஜன்னலருகே நின்றிருந்தேன். சொல்லாமல் விட்டால், தனக்காக இரண்டாவது தடவை உட்கார்ந்த மாமியார். சொல்லிவிட்டால், செய்யாத தப்பை ஏற்றுக்கொண்ட மாமியார். எந்தப் பக்கம் போனாலும் அவள்தான் ஜெயிக்கிறாள். எனக்கு மிச்சமிருந்தது ஒன்றுதான், என் பெண் என்னை நம்புகிறாள் என்பது. அதுவும் சம்பந்தி எனக்காக வாங்கிக் கொடுத்தது.

“அவா ரெண்டாவது தரம் பாக்கலடி” என்றேன். “நேத்துத்தான் முதல் தரம். எட்டாவது எபிசோடைப் பாத்தது நான். அவா புரொஃபைல்ல போய்ப் பாத்தேன். தெரிஞ்சேதான் பாத்தேன். அவா எனக்காகப் பொய் சொன்னா.”

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“ஏம்மா?” என்றாள் கடைசியில். “ஏன் அப்படிப் பண்ணினே?”

ரிமோட் சரியில்லை, கண்ணாடி மாற்ற வேண்டும், ஆந்தையும் முயலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எல்லாம் தயாராக இருந்தது.

“பொறாமைடி” என்றேன்.